தொங்கவிட்ட துண்டு

ஓட்டல்ல ரூம் சுத்தம் செய்யற வேலையில, உள்ள இருக்கறவங்க மனசுல என்ன இருக்குன்னு தெரியாம கதவத் தட்டறதுதாங்க பெரிய கஷ்டம். எதிர்ல ஆள் வந்தாலே நான் துணி ட்ராலிக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்குவேன். நீங்களும் ரெண்டு பக்கமும் திட்டு வாங்கறவங்கன்னா என் பாடு புரியும்.

அட்டை வந்துச்சு

சரவணம்பட்டியில ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி. எங்க ஓட்டல்ல பாதி ரூம் அவங்க ஆளுங்களுக்குத்தான். தண்ணி மிச்சம் பண்ணுனாத்தான் இனி வருவோம்னு சொல்லிட்டாங்களாம். உடனே பாத்ரூமுக்கு ஒரு இங்கிலீஷ் அட்டை வந்துச்சு. நான் அஞ்சாவது வரைக்குந்தான் படிச்சேனுங்க. சூப்பர்வைசர் அக்காதான் வாயில சொன்னாங்க: துண்டு கீழ கிடந்தா மாத்து, கம்பியில தொங்குனா அதுவே போதும்னு அர்த்தம், தொடாதே.

தொங்குனதத் தொடல. மறுநாள் தாராபுரத்துப் பெரியவர் ஒருத்தர் புகார் குடுத்துட்டார்.

"ஏனம்மணி, நேத்துத் தொடச்சதுலயே இன்னைக்கும் தொடைக்கோணும்னா நான் ஊட்டுலயே இருந்திருப்பேனே?"

பயந்து செஞ்சது

மூணு புகார் வந்தா மதிய ஷிப்டுக்குப் போட்டுருவாங்க. பாப்பாவ அங்கன்வாடியில இருந்து மூணு மணிக்குக் கூட்டிட்டு வரோணும். வீட்டுக்காரர் லாரியில வெளியூர்லயே இருக்கார். மதிய ஷிப்டுன்னா வேலைய விடறதுதாங்க வழி. அந்தப் பயத்துல அடுத்த நாள் எல்லாத் துண்டையும் மாத்திப்போட்டேன். துவைக்கற இடத்துல குவியலப் பாத்துட்டு மேனேஜர் சார் கூப்பிட்டுவிட்டார்.

"கம்பெனிக்காரங்க போயிட்டா அத்தன ரூமுலயும் நீயா வந்து தங்குவே?"

தெருக்குழாய்

சாயங்காலம் எங்க தெருக் குழாய்ல குடத்தோட நின்னேன். தண்ணி வந்து ஆறு நாள் ஆயிருந்துச்சு. பக்கத்து வீட்டு சரசு அக்கா என் யூனிபாரத்தப் பாத்துட்டே சொன்னாங்க.

"உங்க ஓட்டல்ல துண்டு துவைக்கற தண்ணியில எங்க தெருவே குளிக்கும், கண்ணு."

பவானிக் கல்யாண வீடு

கல்யாணத்துக்கு வந்த பவானிக்காரங்க ஆறு ரூம் எடுத்திருந்தாங்க. ஆறுலயும் துண்டெல்லாம் பால்கனியில வரிசையாத் தொங்குச்சு. அடேயப்பா, எவ்வளவு நல்லவங்கன்னு நெனச்சு அப்படியே விட்டுட்டேன். மறுநாள் காலையில முகூர்த்தத்துக்குப் போற அவசரத்துல ஈரத்துண்டும் கையுமா மாப்பிள்ளையோட சித்தி வராண்டாவுக்கு வந்துட்டாங்க. ரெண்டாவது புகார். "கீழ போட்டிருந்தா மாத்தியிருப்பேனுங்க"ன்னு சொன்னேன்.

"ஈரத்துணியத் தரையில போட நாங்க என்ன வளப்பு இல்லாதவங்களா?"

கம்பெனி மேடம்

அப்பத்தாங்க எனக்கே உறைச்சுது. எங்க வீட்டுலயும் துண்டக் கீழ போட்டா அடிதான் விழும். ஆனா இத யாருகிட்டச் சொல்றது?

அடுத்த வாரம் அந்தக் கம்பெனியில இருந்து ஒரு மேடம் சோதனைக்கு வந்து, ஒரு ராத்திரி தங்குனாங்க. காலையில வராண்டாவுல என்னைய நிறுத்தி, "எல்லாரும் விருப்பப்பட்டுத்தானே அதே துண்ட வெச்சுக்கறாங்க?"ன்னு கேட்டாங்க. பின்னாடி நின்ன மேனேஜர் சார் தலைய ஆட்டச் சொல்லிக் கண்ணக் காட்டறார். மூணாவது புகார் என் வாயாலயே வரப்போகுதுன்னு தெரிஞ்சுபோச்சு. பாப்பா முகம் வந்துச்சு. சரசு அக்கா குடமும் வந்துச்சு.

"இல்லீங்க மேடம். இந்தப் பக்கத்து ஆளுங்க துண்டக் கீழ போட மாட்டாங்கங்க. தொங்கவிட்டா வேண்டாம்னு அர்த்தமில்லீங்க. வாயில கேட்டாப் பாதிப்பேர் போதும்னு சொல்லுவாங்கங்க."

மேடம் என்னையும் பாத்தாங்க, அவங்க பாத்ரூம் கதவையும் பாத்தாங்க.

"நானும் தொங்கத்தான் விட்டிருக்கேன், புதுசு எப்ப வரும்னுதான் பாத்துட்டிருக்கேன்."

இப்ப அந்த அட்டை இல்ல, காலை ஷிப்டும் போகல; ஆனா யாராச்சும் வந்தா ட்ராலிக்குப் பின்னாடி ஒளிஞ்சுட்டிருந்த என்னையத்தான் ஒவ்வொரு கதவாத் தட்டி "துண்டு மாத்தட்டுங்களா?"ன்னு கேக்க வெச்சிருக்காங்க.