கிளிக் கதை நோட்டின் பின்பக்கம்

சென்ற ஐப்பசி பதினேழாம் தேதி, திங்கட்கிழமை, காலை ஆறு மணி இருபது நிமிடம். நாமக்கல்லில் மூன்று நாளாக விடாத தூறல். மருத்துவமனை ஜன்னலில் மலை தெரியவில்லை. அந்த நேரத்தில் எங்கள் அக்கா அவர்கள் எண்பத்தோராம் வயதில் எங்களை விட்டுப் பிரிந்தார்கள். ஓராண்டு நிறைவில் இந்த நினைவு மலரைப் பெற்றுக்கொள்ளும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், அவர்களின் ஒரே தம்பியான நான், என் எழுபத்தாறாம் வயதில் இதை எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில், வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பத்தில். அக்காவுக்குப் பதினாறு வயதாகும்போது அப்பா காலமானார். கொடிக்கால் கைவிட்டுப் போயிற்று. அக்கா ஆசிரியர் பயிற்சி முடித்து நாமகிரிப்பேட்டையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பாடம் நடத்தினார்கள். அந்தச் சம்பளத்தில்தான் நான் கல்லூரி போனேன், கருவூலத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அக்கா திருமணம் செய்துகொள்ளவில்லை.

குழந்தைகளுக்காக அக்கா எழுதியவை நூற்றுப் பதினெட்டுப் புத்தகங்கள். எழுபத்தொன்று சரித்திரக் கதைகள். நாற்பத்தேழு, பேசும் விலங்குகளின் கதைகள். பட்டியல் வைத்திருப்பது நான்தான். இத்தனைக்கும் அக்கா ஒரு புது நோட்டு வாங்கியதில்லை. ஆண்டு முடிவில் பிள்ளைகள் விட்டுப்போகும் நோட்டுகளில்தான் எழுதுவார்கள். ஒரு கதை முடிந்து தாள் மீதி இருந்தால், நோட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து அடுத்த கதையைத் தொடங்குவார்கள். இது எனக்கு அறுபது வருடமாகத் தெரியும். தெரிந்திருந்தும் அந்தத் தவறைச் செய்தேன்.

கடைசியாக அக்கா எழுதியது ஒரு கழுதையின் கதை. பகைவர் படை மலைக்கோட்டையைச் சூழ்ந்து நிற்கிறது. உள்ளே சுனை வற்றிவிட்டது. தண்ணீர் சுமந்து கிழடான ஒரு கழுதைக்கு மட்டுமே கீழே இறங்கும் கள்ளப்பாதை தெரியும். சிறுவர் மாத இதழ் ஒன்றில் பதினெட்டு அத்தியாயங்கள் வந்துவிட்டன. மீதி ஆறு, நோட்டில் எழுதி முடித்துத் தயாராக இருந்தன.

ஐப்பசி முதல் வாரத்தில் அக்காவுக்கு மூச்சுத்திணறல் வந்து மருத்துவமனையில் சேர்த்தோம். நுரையீரல் இறுகிவிட்டது, வீட்டுக்குத் திரும்பினால் அறையில் தூசி இருக்கவே கூடாது என்றார் மருத்துவர். நான் அன்றே அலமாரியைக் காலி செய்தேன். அறுபத்து நான்கு நோட்டுகள். ஒவ்வொன்றின் மேலட்டையிலும் இருந்த கதைப் பெயரை என் பட்டியலோடு ஒப்பிட்டேன். எல்லாமே அச்சில் வந்த கதைகள். ஒன்றுவிடாமல் சரிபார்த்த திருப்தியோடு பழைய பேப்பர் கடையில் போட்டேன்.

நான்காம் நாள் அக்கா கேட்டார்கள். "அந்தக் கிளிக் கதை நோட்டக் கொண்டா சாமி. பின்னாலிருந்து கழுதயத்தான் எழுதி வெச்சிருக்கறேன். ரெண்டு எடத்துல திருத்தோணும்."

கொண்டாரேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். நேராகப் பேப்பர் கடைக்குப் போனேன்.

பேப்பர் கடையிலிருந்து லோடு முந்தின நாளே போய்விட்டிருந்தது. மோகனூர் சாலையில் முட்டை அட்டை செய்யும் ஆலை. பழைய தாளைத் தொட்டியில் ஊறவைத்துக் கூழாக்கி, அச்சில் ஊற்றி, முப்பது குழி அட்டைகளாக எடுக்கிறார்கள். அங்கே மேற்பார்வை பார்ப்பவர் என் கையில் இருந்த பட்டியலைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "பாதி கரைச்சாச்சுங்கய்யா. மீதி அந்தக் குமியல்ல கலந்து கெடக்குது. தேடிப் பாத்துக்கங்க."

குவியல் என் தலைக்கு மேல் இருந்தது. ஆறு நாள் காலையில் போய் மாலை வரை தேடினேன். அங்கே வேலை செய்யும் பெண்கள் நான்கு பேர் சாப்பாட்டு நேரத்தை விட்டுவிட்டு என்னோடு உட்கார்ந்து புரட்டினார்கள். ஒவ்வொரு மாலையும் அக்கா நோட்டைக் கேட்டார்கள். ஒவ்வொரு மாலையும் வீட்டில் தேடுவதாகப் பொய் சொன்னேன். ஆறாம் நாள், குவியலை இனி நிறுத்திவைக்க முடியாது, மறுநாள் தொட்டியில் இறக்க வேண்டும் என்றார் மேற்பார்வையாளர். முழுவதையும் நானே விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு மருத்துவமனைக்குப் போனேன்.

"அக்கா, அந்த நோட்ட நான் பேப்பர் கடைல போட்டுட்டனுங்க."

அக்கா மூச்சுக் கவசத்தை விலக்கினார்கள். "எத்தன நோட்டு போட்ட?"

"அறுவத்தி நாலுங்க."

"எண்ணித்தான் போட்டியா?"

"ஆமாங்கக்கா."

"தொறந்து பாக்கத்தான் உனக்கு நேரமில்லாமப் போச்சு."

சிரித்தார்கள், அது இருமலாகி நிற்க வெகுநேரமாயிற்று. முட்டை அட்டையாகியிருக்கும் என்று சொன்னேன். "ஆவட்டும். முட்டயாச்சும் ஒடையாம ஊருக்குப் போய்ச் சேரட்டும்" என்றார்கள். அதற்கு மேல் ஒரு சொல் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மறுநாள் காலை, தாளை எடுத்துக்கொள் என்றார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒரு வரிக்கு நான்கு மூச்சு. நான்கு அத்தியாயங்கள் முடிந்தன. ஞாயிற்றுக்கிழமை மாலை, கழுதை கள்ளவாசலில் வந்து நிற்கிறது. கீழே எதிரிகளின் தீவட்டிகள். பின்னால் கோட்டைக்குள் தண்ணீருக்கு அழும் குழந்தைகள்.

"கீழ எறங்கிருதுங்களா அக்கா?"

"பொறு. அதுக்குக் காலு நோவுது. சித்தே நிக்கட்டும்."

மறுநாள் காலையில்தான் நான் முதலில் சொன்ன ஆறு இருபது.

காரியங்கள் முடிந்த பிறகு, வாடகைக்கு ஒரு கொட்டகை பிடித்து, அந்தக் குவியலை இருபத்து மூன்று நாள் தாள் தாளாகப் பிரித்தேன். அக்காவின் நோட்டுகள் ஒன்பது கிடைத்தன. கிளிக் கதை நோட்டு அதில் இல்லை.

அக்கா சொன்ன நான்கு அத்தியாயங்களும் இதழில் வந்துவிட்டன. கழுதை என்ன ஆயிற்று என்று கேட்டு இதுவரை இருநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள் எழுதியிருக்கிறார்கள். வேறொருவரை வைத்து முடித்துவிடலாமா என்று இதழாசிரியர் கேட்டார், நான் சம்மதிக்கவில்லை. நாற்பத்தேழு விலங்குக் கதைகளையும் மறுபடி படித்துப் பார்த்தேன். முடிவில் விலங்கு பிழைத்தது நாற்பதில், இறந்தது ஏழில். அதை வைத்து இந்தக் கழுதையைப் பற்றி எதுவும் சொல்ல முடியவில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும், எனக்குத் தெரியாது என்று என் கையாலேயே பதில் எழுதினேன்.

உங்களை மன்றாடிக் கேட்கிறேன். விடுமுறையில் அக்காவிடம் கதை கேட்க வந்த பிள்ளைகள் உங்கள் வீடுகளில் இருக்கிறார்கள். யாரிடமாவது, பேச்சுவாக்கிலாவது, அக்கா இந்த முடிவைச் சொல்லியிருந்தால் எனக்குத் தெரிவியுங்கள். அரைகுறையாக நினைவிருந்தாலும் போதும். நானே வந்து எழுதிக்கொள்கிறேன்.

கதை சொன்ன இரண்டு நாளும் அக்காவின் முதுகைத் தாங்கிப் பிடித்திருந்த செவிலியருக்கும், ஆலையில் பசியோடு தாள் புரட்டிய அந்த நான்கு பெண்களுக்கும், துக்கத்தில் வந்து உடன் நின்ற அனைவருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

குவியல் வாங்கிய செலவில் பங்கு தர உறவினர்கள் சிலர் முன்வந்தீர்கள். தவறு என்னுடையது, வேண்டாம். தாள், லாரி, கூலி, கொட்டகை வாடகை எல்லாம் சேர்த்து ஐம்பத்திரண்டாயிரத்து அறுநூறு ரூபாய். அறுபத்து நான்கு நோட்டுகளுக்குப் பேப்பர் கடைக்காரர் என் கையில் கொடுத்தது ஐந்நூற்று ஏழு ரூபாய். அதைக் கழித்தால், ஐம்பத்திரண்டாயிரத்துத் தொண்ணூற்று மூன்று.