ஹென்னிங் விட்டுப்போன காந்தங்கள்

எங்கள் வேதியியல் ஆய்வுக்குழுவில் யோரானைத் தவிர யாரும் நிலையாக இருப்பதில்லை. யோரான் பேராசிரியர், அவர் நகரமாட்டார். மற்றவர்கள் வருவார்கள், நான்கைந்து வருடம் குடுவைகளோடு மல்லுக்கட்டுவார்கள், பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஒருத்தன் பெயின்ட் தொழிற்சாலைக்குப் போனான். ஒருத்தி அமைச்சகத்தில் இருக்கிறாள். இன்னொருவன் எல்லாவற்றையும் உதறிவிட்டுத் தீவு ஒன்றில் ரொட்டி சுடுகிறான். அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் நான் அத்தனை பேருக்கும் சாவி கொடுத்திருக்கிறேன், அத்தனை பேரிடமும் சாவியைத் திரும்ப வாங்கியிருக்கிறேன். ஆனால் ஓசாவைப் போல ஒருத்தி வந்ததில்லை.

வடக்குக் கடலோரத்தில் காகித ஆலையின் அழுகின முட்டை வாடை அடிக்கும் ஊரில் பிறந்தவள் அவள். பதினேழு வயதில் முடிதிருத்தும் கடையில் சேர்ந்தாள். சாயம் கலக்கிக் கலக்கி, ஒரே சாயம் ஒருத்தி தலையில் செம்பாகவும் இன்னொருத்தி தலையில் பாசியாகவும் ஏன் மாறுகிறது என்று கடைக்காரியைக் கேட்டாள். "தலைவிதி" என்றாளாம் அவள். அந்தப் பதில் ஓசாவுக்குப் போதவில்லை. பகலில் கத்தரிக்கோலும் மாலையில் பெரியவர்களுக்கான பள்ளியுமாக ஆறு வருடம் ஓட்டினாள். பல்கலைக்கழகப் படியேறியபோது கூடப் படித்தவர்கள் எல்லாம் அவளைவிட ஐந்தாறு வயது சிறியவர்கள்.

உட்காரத் தெரியாதவள். காபி நேரத்தில் நாங்கள் இலவங்கப்பட்டை ரொட்டியோடு சாய்ந்திருக்கும்போது அவள் ஜன்னலோரம் நின்றுகொண்டுதான் குடிப்பாள். கை சும்மா இருக்காது. வெள்ளிக்கிழமைகளில் எங்களுக்கெல்லாம் முடி வெட்டிவிடுவாள். யோரானின் வழுக்கையைச் சுற்றியிருக்கும் நாலு முடியையும் அவள்தான் பராமரித்தாள். "உங்களுக்கு வெட்டறதுக்குக் காசு வாங்கக்கூடாது, தேடறதுக்குத்தான் வாங்கணும்" என்பாள். அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார்.

அவளைக் கொஞ்சமாவது ஓரிடத்தில் நிற்கவைத்த ஒரே ஆள் ஹென்னிங்.

அவளுக்கு முன்னால் அதே இடத்தில் ஆய்வு செய்தவன் ஹென்னிங். எங்கள் குழுவுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த வேதிவினையைக் கண்டுபிடித்தவன். இரண்டு மூலக்கூறுகளைச் சேர்த்துத் தைக்க ஊரெல்லாம் பல்லேடியம் என்ற விலைகூடிய உலோகத்தைப் பயன்படுத்துகிறது. உலோகமே இல்லாமல் தைக்கலாம் என்று காட்டினான் அவன். அதை வைத்தே கோதன்பர்க் நகரத்தில் வேலை கிடைத்துப் போனான். போகும்போது, தன் இடத்துக்கு வந்த ஓசாவிடம் ஒரு கண்ணாடிச் சாடியைக் கொடுத்தான். உள்ளே அவனுடைய காந்தத் துண்டுகள். குடுவைக்குள் கிடந்து சுழன்று திரவத்தைக் கலக்குகிற, வெள்ளை உறை போட்ட, விரல்நுனி அளவுத் துண்டுகள் அவை. பல வருட உழைப்பில் வெள்ளை போய்ச் சாம்பல் பூத்திருந்தன.

ஆய்வுக்கூடக்காரர்களுக்கு ஒரு மூடநம்பிக்கை உண்டு. எந்தத் துண்டில் வினை நடந்ததோ அதை விடமாட்டார்கள். புதுத்துண்டு பெட்டி நிறைய இருந்தாலும் கை பழையதைத்தான் தேடும். ஓசாவும் அப்படித்தான். அந்த வினையை அடிப்படையாக வைத்தே ஆய்வேட்டின் ஐந்து அத்தியாயங்களில் மூன்றை எழுதினாள். இதற்கிடையில் ஹென்னிங் வெள்ளிக்கிழமை தோறும் ரயிலேறி வர ஆரம்பித்திருந்தான். முதலில் முடி வெட்டிக்கொள்ள வருகிறேன் என்றான். அப்புறம் அந்தச் சாக்கும் தேவைப்படவில்லை.

மே மாதம் ஆணி அடிக்கும் நாள் வந்தது. அச்சான ஆய்வேட்டின் மூலையில் துளையிட்டு, பல்கலைக்கழகப் பலகையில் சுத்தியலால் அறைந்து மாட்டுவது எங்கள் வழக்கம். மாட்டிவிட்டால் அது ஊர் சொத்து. யாரும் படிக்கலாம், ஒரு எழுத்தையும் மாற்ற முடியாது. சில வாரம் கழித்து எல்லார் முன்னும் நின்று, கேள்விகளுக்குப் பதில் சொல்லி அதைக் காப்பாற்ற வேண்டும், அதுதான் விவாதம். ஓசா மூன்றே அடியில் ஆணியை இறக்கினாள். கைதட்டினோம், குடித்தோம். அந்தக் குதூகலத்தில் அவள் சாடியை எடுத்து, அடுத்து வந்திருந்த லாட்வியாப் பெண்ணின் கையில் வைத்தாள். எங்கள் குழுவில் சொத்து இப்படித்தான் கைமாறும்.

விவாத நாள் வரை ஓய்வெடு என்று எல்லாரும் சொன்னோம். ஓய்வு என்றால் அவளுக்கு என்ன தெரியும்? கை அரித்தது. பழகின வினையை இன்னொரு தடவை ஓட்டிப் பார்ப்போமே என்று கூடத்துக்குப் போனாள். சாடிதான் இல்லையே, பெட்டியைப் பிரித்துப் புதுத்துண்டைப் போட்டாள்.

மஞ்சள் வரவேண்டிய குடுவை நிறமே இல்லாமல் வெறும் தண்ணீர் போலக் கிடந்தது.

இதை அவள் என்னிடம் சொன்னது ஒரு வெள்ளிக்கிழமை. நான் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு காபி அறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பின்னால் கத்தரிக்கோல் ஓடிக்கொண்டே இருந்தது. திடீரென்று நின்றது.

"பிர்கிட்டா, நான் ஒண்ணு சொல்லுவேன். நீ திரும்பிப் பாக்கக்கூடாது."

"பாதி தலையில நிறுத்திட்டுச் சொல்லாதே. பயமா இருக்கு."

அவள் சிரிக்கவில்லை. புதுத்துண்டு போட்டு நாலு தடவை ஓட்டிவிட்டாள், ஒன்றும் நடக்கவில்லை. லாட்வியாப் பெண்ணிடம் சாடியைக் கடன் வாங்கிப் பழைய துண்டைப் போட்டாள், உடனே மஞ்சள் பூத்தது. சோதித்துப் பார்த்தால், பழைய துண்டின் உறையில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள். கீறல்களுக்குள் பல்லேடியம். ஹென்னிங் இந்த வினைக்கு முன்னால் வருடக்கணக்கில் அந்தத் துண்டுகளை வைத்து உலோக வேலைதான் செய்திருக்கிறான். அமிலத்தில் ஊறவைத்துக் கழுவினாலும் கீறலுக்குள் இருப்பது போகாது. குடுவையில் போட்ட ஒவ்வொரு பொருளையும் உலோகச் சோதனைக்கு அனுப்பியவர்கள், கலக்குகிற துண்டை மட்டும் அனுப்பவில்லை. அதை யாரும் ஒரு பொருளாகவே நினைக்கவில்லை.

"அப்ப அந்தப் புத்தகம்?" என்றேன்.

"பலகையில தொங்குது. பொய் தொங்குது."

என் பிடரியில் ஒரு சொட்டு விழுந்தது. சொன்னபடி நான் திரும்பவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டினேன். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். கத்தரிக்கோல் பிடித்த கை சில்லென்றிருந்தது.

அன்றைக்கே யோரானிடம் போனாள். அவர் முழுவதும் கேட்டார். பிறகு எழுந்துபோய், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த தன் கோப்பையை மறுபடி கழுவினார். திரும்பி வந்தபோது பத்து வயது கூடியிருந்தது முகத்தில். அவர் திட்டவில்லை, மறைக்கவும் சொல்லவில்லை. விவாதத்தை இலையுதிர்காலத்துக்குத் தள்ளிப்போடு என்றார். ஆனால் அவளுடைய பணிக்காலம் ஜூனோடு முடிகிறது. அதற்கப்புறம் கூடமும் கிடையாது, குடுவையும் கிடையாது. தள்ளிப்போட்டால் அவள் ஆய்வேட்டைத் திருத்துவது எங்கே, முடிதிருத்தும் கடையிலா? அது அவருக்கும் தெரியும்.

ஹென்னிங்கிடம் தொலைபேசியில் சொன்னாள். முதலில் சிரித்தானாம். அப்புறம் எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தாய் என்று கேட்டானாம். கோதன்பர்க்கில் அவனுக்கு நிரந்தர வேலை முடிவாவதும் அதே ஜூனில்தான். ஒரு மாசம் வாயை மூடிக்கொண்டிரு, பட்டத்தை வாங்கு, அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து திருத்தம் எழுதுவோம், யாருக்கும் சேதமில்லை என்றான்.

"அவன் சொன்னதுல தப்பு என்ன பிர்கிட்டா?" என்று என்னையே கேட்டாள். "ஒரு மாசம்தானே?"

"அப்ப இரு."

"முடியலையே. மேடையில நின்னு உலோகம் இல்ல, உலோகம் இல்லன்னு சொல்லணும். நாக்கு எழும்பாது."

அடுத்த வெள்ளிக்கிழமை ரயிலில் ஹென்னிங் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. ஓசா நடந்தாள். ஆற்றங்கரையில், தாவரத் தோட்டத்தில், எங்கள் கட்டடத்து நடைகூடத்தில் மேலும் கீழும். யாரைப் பார்த்தாலும் முடி வெட்டவா என்று கேட்டாள். அந்த மே மாதத்தில் எங்கள் குழு முழுக்க ராணுவத்துக்கு ஆள் எடுத்த மாதிரி ஒட்ட வெட்டின தலைகளாக இருந்தது.

விவாத நாளன்று நாற்காலி ஒவ்வொன்றிலும் ஆய்வேட்டோடு ஒரு திருத்தத் தாளையும் நான்தான் வைத்தேன். எழுத்துப்பிழைகளுக்காக எல்லாரும் வைக்கிற தாள்தான் அது. ஓசாவின் தாளில் மூன்று அத்தியாயங்களின் முடிவே மாறியிருந்தது. படித்தவர்கள் தலை நிமிர்ந்தார்கள். முன்வரிசையில் வடக்கிலிருந்து வந்திருந்த அவள் அம்மா மட்டும் நீலக் கம்பளிச் சட்டையில் மலர்ந்த முகத்தோடு இருந்தாள். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

கேள்வி கேட்கக் கோபன்ஹேகனிலிருந்து வந்திருந்தவர் போடில் என்ற பெண்மணி. தாளைக் கையில் பிடித்தபடி, அப்படியென்றால் மூன்றாம் அத்தியாயத்தில் மிச்சம் என்ன இருக்கிறது என்று கேட்டார்.

"வினை நிஜம். கிடைச்ச பொருளும் நிஜம். ஏன் நடந்ததுன்னு நான் சொன்ன காரணம் பொய்" என்றாள் ஓசா.

போடில் விடவில்லை. இரண்டு மணி நேரம் உலுக்கி எடுத்தார். ஓசா மேடையில் நடந்துகொண்டே பதில் சொன்னாள். அடுத்து தீர்ப்புக் குழுவின் முறை. மூன்று பேர், அதில் இரண்டு பேர் சரி என்றால் பட்டம். நடுவில் இருந்த ஒல்லி மனிதர் அதுவரை பேசாமல் இருந்தவர்.

"அந்தத் துண்டுகள் எங்கேயிருந்து வந்துச்சு?" என்றார்.

ஓசா முதல் தடவையாக நின்றாள். ஒரு பெயர் சொன்னால் போதும், பழி அவளை விட்டு நீங்கும்.

"குழுவோட பொதுச் சாமான்."

"அப்படின்னா நீங்க அழுக்குச் சாமானைச் சோதிக்காம எடுத்தீங்க. இதுக்கு முன்னாடி இந்த வினையைச் செஞ்சவங்களுக்கும் இந்தத் தப்புக்கும் சம்பந்தம் இல்ல. உங்க கவனக்குறைவு மட்டும்தான். சரிதானே?"

யோரான் வாயைத் திறந்தார். ஓசா அவரைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

"நான் சோதிக்கல. அது உண்மை" என்றாள்.

ஒல்லி மனிதர் ஏதோ குறித்துக்கொண்டார். முடிந்தது என்று நினைத்தேன். பத்து வருடப் படிப்பும் கத்தரிக்கோல் தழும்பேறிய அந்தக் கையும் அந்தப் பேனா முனையில் போய்க்கொண்டிருந்தன. அவள் காதலித்தவனுக்காகத் தன் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றாள். அவனோ ஐந்து மணி நேர ரயில் தூரத்தில் எங்கோ நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருப்பான் என்று எண்ணி நான் மனசுக்குள் அவனைச் சபித்தேன்.

எங்கள் விவாதங்களில் கடைசியாக ஒரு சடங்கு உண்டு. தலைமை தாங்குபவர் சபையைப் பார்த்து, வேறு யாருக்காவது கேள்வி உண்டா என்று கேட்பார். யாரும் கேட்பதில்லை. எல்லாருக்கும் பசி. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த இடத்தில் ஒரு குரல் எழுந்து கேட்டதில்லை.

அன்று பின்வரிசையில் நாற்காலி மடங்கும் சத்தம் கேட்டது.

திரும்பினேன். ஹென்னிங். முடி காதை மூடி வளர்ந்திருந்தது. கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"என் பேர் ஹென்னிங். இந்த வினையைக் கண்டுபிடிச்சதா எழுதினவன் நான்தான்" என்றான். "அந்தத் துண்டுங்க என்னோடது. அதுல நான் முன்னாடி பல்லேடியம்தான் கலக்கினேன். சாடியை இவ கையில குடுத்ததும் நான்தான். என் கேள்வி இது. என் கட்டுரையில இருக்கிற வினையும் அந்த உலோகத்தாலதான் நடந்திருக்குமா?"

ஓசா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் அவன் பிழைப்பான். தெரியாது என்றாலும் பிழைப்பான். அவள் திருத்தத் தாளை எடுத்தாள், மறுபடி கீழே வைத்தாள்.

"சொல்லு ஓசா. கேட்டது நான்தானே" என்றான் அவன், மெதுவாக.

"ஆமா" என்றாள். "அந்த உலோகத்தாலதான்."

"நன்றி. வேற கேள்வி இல்ல."

அவன் உட்கார்ந்தான். இல்லை, விழுந்தான் என்றே சொல்லலாம். ஒல்லி மனிதர் தான் எழுதியதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

குழு உள்ளே போனது. வழக்கமாகக் கேக் வெட்டும் நேரத்துக்குள் வந்துவிடுவார்கள். அன்று கேக் கிரீம் உருகி வழிந்தது. ஓசாவின் அம்மா என்னிடம் வந்து, அந்தக் கோட்டுப் பையன் என்ன கேட்டான், ஏன் எல்லாரும் செத்த வீடு மாதிரி இருக்கிறீர்கள் என்று கேட்டாள். அவன் தன் வேலையைப் போக்கிக்கொண்டான் என்றேன். "அப்ப அவனுக்கு ஒரு துண்டு கேக் கொண்டுபோய்க் குடு" என்றாள்.

கதவு திறந்தது. முடிவைப் படித்தார்கள். இரண்டுக்கு ஒன்று. பட்டம் உண்டு. சரி சொன்னவர்களில் ஒல்லி மனிதரும் ஒருவர் என்று பிற்பாடு யோரான் சொல்லித் தெரிந்துகொண்டேன். யோரான் ஓசாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். அவள் அழவில்லை. கண் கூட்டத்துக்குள் தேடிக்கொண்டிருந்தது.

நான் கேக் தட்டோடு வெளியே போனபோது ஹென்னிங் வாசல் படியில் நின்றிருந்தான். பின்னாலேயே அவள் வந்தாள். நான் இருப்பதை இருவரும் கவனிக்கவில்லை.

"எதுக்கு வந்தே?" என்றாள்.

"தெரியல. ரயில்ல பாதி வழியில இறங்கிடலாம்னு பாத்தேன். இறங்கல."

"வேலை போயிடும்."

"போகும்னுதான் நினைக்கறேன். நாளைக்குக் கட்டுரையைத் திரும்ப எடுத்துக்கறேன்னு எழுதணும்." அவன் தரையைப் பார்த்தான். "உன்மேல எனக்குக் கோவம் இன்னும் இருக்கு, ஓசா. போகல."

"எனக்கும்தான் உன்மேல. மூணு வாரம் ஒரு வார்த்தை பேசல நீ."

உள்ளேயிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். வாழ்த்துரை ஆரம்பிக்கப்போகிறதாம். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உள்ள போகலையா? உனக்குத்தான் விருந்து" என்றான்.

"இப்ப என்னால உக்கார முடியாது."

அவன் என் கையிலிருந்த தட்டை அப்போதுதான் பார்த்தான். கேக்கை எடுத்து, பாதியை அவளிடம் நீட்டினான். இருவரும் படியிறங்கி, கோபம் தீராத இரண்டு பேர் நடக்கிற மாதிரி ஒரு கை இடைவெளி விட்டு, ஆற்றுப் பக்கம் நடந்தார்கள். நான் வெறும் தட்டோடு உள்ளே போய், டாக்டர் ஓசா வரக் கொஞ்சம் தாமதமாகும் என்று சொன்னேன்.