பசலிப் பாடம்

“அந்தப் பாடத்தைப் புத்தகத்துலேருந்து எடுத்துடுங்க மேடம்” என்று இளங்கோவன் சார் சொன்னது மனமாரத்தானா? எனக்குத் தெரியாது. கேட்டுத் தெளிய இனி வழியும் இல்லை. ஒரு நாள் காலையில் கல்லூரி ஆய்வகத்தைத் திறந்துகொண்டிருந்தபோது அவருடைய மகள் பேசினாள். “அப்பா தூக்கத்துலயே போயிட்டாங்க. நேத்து ரசஞ்சாதம்கூட கேட்டு வாங்கிச் சாப்பிட்டாங்க” என்றாள். டயாலிசிசுக்காக மாதக்கணக்கில் தஞ்சாவூருக்கு அலைந்தவர். துக்கத்துக்கு முன்னால் எனக்கு வந்தது நிம்மதிதான்.

மன்னார்குடியில் ஒரே கல்லூரியில் அவர் வணிகவியல், நான் கணினித் துறை. தமிழ்வழி மாணவர்களுக்காக இருவரும் சேர்ந்து ஒரு பாடநூல் எழுதினோம். எக்செல் விரிதாளில் நிதிக்கணக்கு அவர் பங்கு. கணினி நிரலெழுத்தின் அரிச்சுவடி என் பங்கு. அவருடைய உதாரணங்களில் பங்குச்சந்தை கிடையாது. உரக்கடன், மோட்டார் தவணை, நிலக் குத்தகை. அவருடைய அப்பா பண்ணையாளாக இருந்து குத்தகைதாரரானவர்; அந்த உரிமையைப் பதிவு செய்யக் கோர்ட்டு வாசலில் வருடக்கணக்கில் நின்றவர்.

குத்தகை ரசீதில் ஆங்கில ஆண்டு இருக்காது. ஜூலையில் தொடங்கும் வருவாய்த்துறைப் பசலி ஆண்டுதான் இருக்கும். எங்கள் மாணவர்கள் ரசீதில் உள்ளபடியே ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் என்று தேதிக் கட்டத்தில் அடித்தார்கள். விரிதாளுக்கு அத்தனை பழைய தேதி புரியாது. வட்டிக் கட்டம் முழுக்கப் பிழை காட்டியது. பசலியோடு 590 கூட்டும்படி சார் ஒரு சூத்திரம் எழுதினார். நான் எதையும் சோதிக்காமல் நம்புகிறவள் அல்ல. தை அறுவடையைப் போட்டுப் பார்த்தேன். ஜனவரி பிறந்துவிட்டால் 591 கூட்ட வேண்டும். அவருடைய சூத்திரத்தின்படி சம்பாவுக்கு நாற்று விடுவதற்கு முன்பே அறுவடை முடிந்திருந்தது. சார் திரையைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

“விதைக்காமலே அறுத்துட்டேன். எந்த மிராசுதாருக்கும் இந்த யோகம் வாய்ச்சதில்ல.”

அந்தப் பிழையையே பாடமாக்கலாம் என்றவரும் அவர்தான். மாதம் ஜூலைக்கு முன்னா, பின்னா என்று கேட்டு, அதற்கேற்பக் கணக்கைப் பிரிப்பதுதான் நிபந்தனைக் கட்டளை. நிரலெழுத்தில் புதியவர்கள் தடுக்கி விழும் இடம். பசலியை வைத்துச் சொன்னதும் கடைசி பெஞ்சுவரை புரிந்தது. தப்பான சூத்திரத்தையும் தன் பெயரோடு அச்சிடச் சொன்னார். எதற்கு என்று கேட்டால், “சரியாப் போட்டவனை யாரு ஞாபகம் வெச்சுக்கறாங்க?” என்பார்.

எங்கள் நூலைப் பாடத்திட்டத்தில் சேர்க்க வேண்டிய குழுவின் தலைவருக்குக் குடவாசல் பக்கம் நிலம். அவர் குடும்பத்துக்கும் குத்தகைதாரர்களுக்கும் வழக்கு நடக்கிறது. குத்தகைப் பாடத்தை நீக்கினால்தான் நூல் சேரும் என்று சொல்லியனுப்பினார். சேராவிட்டால் எங்கள் மாணவர்கள் பழையபடி ஆங்கில நூலை மனப்பாடம் செய்ய வேண்டியதுதான். ஆஸ்பத்திரியில் சாரிடம் கேட்டேன். எடுத்துவிடச் சொன்னார், புத்தகம் பிள்ளைகள் கைக்குப் போக வேண்டும் என்றார். கண்ணை மூடிக்கொண்டவர், நான் எழுந்தபோது, “அந்த எடத்துல வேற என்னத்தப் போடுவீங்க?” என்று கேட்டார்.

பிழை கண்டுபிடிக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருந்ததில்லை. பிழை செய்தவரோடு சேர்ந்து சிரிப்பது மட்டும் அவரிடமிருந்து வந்தது. அது என்னிடம் இருக்கிறது. மகள் பேசிய அன்று மாலையே அவர் உடலை எடுத்தார்கள்.

மறுநாள் தஞ்சாவூரில் குழு கூடியது. பாடத்தை நீக்காத பிரதியைத்தான் கொண்டுபோனேன். தலைவர் அந்தப் பக்கத்தில் விரலை வைத்தார். “குத்தகை நிலம்னு இருக்கு. நிலம்னு மட்டும் இருக்கட்டுமே” என்றார்.

“அப்ப யாரு யாருக்கு ரசீது குடுக்கறாங்கன்னு பசங்க கேப்பாங்க சார்” என்றேன்.

யாரோ சிரித்தார்கள். “சரி, இருந்துட்டுப் போவட்டும்” என்று கையெழுத்திட்டார். இறந்தவருக்காக விட்டுக்கொடுத்தாரா, சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டதாலா என்று நான் ஆராயவில்லை. பிரதியை வாங்கிக்கொண்டு மன்னார்குடி பஸ்ஸில் ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வடுவூர் வரும்வரை தூங்கிவிட்டேன்.