கொரீன் மை தீட்டினால் யாருக்கு என்ன?

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கொரீன் ஸ்டோபர்ட்டின் வாழ்க்கையில் பெரிய சோகம் எதுவும் நடக்கவில்லை. அவள் பிள்ளையைப் பறிகொடுக்கவில்லை. காதலன் கைவிட்டுப் போகவில்லை. சின்ன வயதில் யாரும் அவளை இருட்டறையில் பூட்டிவைக்கவில்லை. தலை முதல் கால் வரை கறுப்பு உடுத்துவதும், முகத்தில் வெள்ளைப் பவுடர் அப்புவதும், கண்ணைச் சுற்றி மையை இழுத்துவிடுவதும் அவளுக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். எங்கள் ஊர் ஸ்கார்பியில் இதை நம்புகிற ஆள் கிடையாது. "பாவம், அவளுக்கு என்ன ஆச்சு?" என்று இன்றைக்கும் என்னிடம் கேட்கிறார்கள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கேட்கிறவர்களுக்குத்தான் ஏதோ ஆகியிருக்கிறது.

நான் கடலோர மேட்டில் இருக்கும் முதியோர் இல்லத்தில் சமையல் செய்கிறேன். கொரீன் அங்கே முதியவர்களைக் கவனித்துக்கொள்பவள். குளிப்பாட்டுவாள், ஊட்டுவாள், படுக்கையில் திருப்பிப் படுக்கவைப்பாள். ஐம்பதைத் தொட்ட, நெட்டையான, நிதானமான பெண். அவளை எனக்கு அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தெரியும். முதல் வாரம் நானும் பேசவில்லை. இரண்டாவது வாரம், என் பால் பாயசத்தில் அரிசி வேகவில்லை என்று மூஞ்சிக்கு நேராகச் சொன்னாள். அன்றிலிருந்து சிநேகிதம்.

அவளுக்கு ஒரு பைத்தியம் உண்டு. ஆல்ட்ரிக் குவெயில் என்ற இயக்குநரின் படங்கள். எலும்பும் தோலுமான கதாநாயகர்கள், கோணல் வீடுகள், வளைந்த மரங்கள், சாவை வைத்து நகைச்சுவை என்று ஒரு மாதிரியான ஆள். இளம்பெண்ணாக இருந்தபோது சண்டர்லாந்துக்கு பஸ் பிடித்துப் போய் அவருடைய முதல் படத்தைப் பார்த்தாளாம். தலையில் முடிக்குப் பதிலாக விட்டில் பூச்சிகள் முளைத்த ஒரு பையனின் கதை. தெருப் பெண்களெல்லாம் "எவ்வளவு அழகு!" என்று அவன் தலையைத் தடவிப் பார்ப்பார்கள். குளிர்காலம் வந்து, பெட்டியிலிருந்த கம்பளிச் சட்டைகளில் ஓட்டை விழுந்ததைக் கண்டதும், அதே பெண்கள் தீப்பந்தத்தோடு அவன் வீட்டு வாசலில் நிற்பார்கள். பந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் விட்டில்கள் அவன் தலையை விட்டுக் கிளம்பிப் போய்விடும். மொட்டைத் தலையோடு அவன் நிற்கிற அந்தக் காட்சியைச் சொல்லும்போது கொரீன் இன்னும் தன் தலையைத் தடவிக்கொள்வாள்.

இரண்டாவது படத்தை எங்கள் ஊரிலேயே, எங்கள் கலங்கரை விளக்கத்தில்தான் எடுத்தார்கள். கடலில் கணவனை இழந்த ஒருத்தி பனிமூட்டத்தைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். மாப்பிள்ளையைப் பார்க்க ஊரே கேக்கும் கையுமாக வருகிறது. கோடை வந்தும் பனி விலகவில்லை, சுற்றுலாக்காரர்கள் வரவில்லை என்றானதும் அதே ஊர் மின்விசிறிகளைத் தூக்கிக்கொண்டு வந்து அவளுடைய புருஷனை ஊதித் தள்ளுகிறது.

மாதம் ஒருமுறை நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் மன்றத்தின் பின்னறையில் கொரீன் இந்தப் படங்களைப் போட்டுக் காட்டுவாள். பத்துப் பேர் வந்தால் அதிகம். நானும் போவேன். ஆரம்பத்தில் வெறும் பூச்சாண்டிப் படம் என்றுதான் நினைத்தேன்.

"பேயைப் பாக்காதடி ஐலீன்," என்பாள் என்னிடம். "பக்கத்து வீட்டுக்காரங்களப் பாரு. இந்த ஆள் படத்துல பயமுறுத்தறது எல்லாம் அவங்கதான். பேய் பாவம், டீ குடிச்சிட்டு சும்மா உக்காந்திருக்கும்."

அவள் சொன்ன பிறகு பார்த்தால் உண்மைதான். எல்லாப் படத்திலும் புல்வெளியை ஒழுங்காக வெட்டி வைத்திருப்பவர்கள்தான் கடிக்க வந்தார்கள்.

இப்படி இருக்கும்போது ஊராட்சிக்காரர்களுக்கு ஒரு யோசனை வந்தது. குவெயில் இங்கே படம் எடுத்து முப்பது வருஷம் ஆகப்போகிறதாம். ஒரு வாரம் திருவிழா எடுத்தால் ஆட்கள் வருவார்கள், கடைகள் பிழைக்கும். ரொட்டிக் கடையில் கறுப்பு ஐசிங் போட்ட பன், மருந்துக் கடை ஜன்னலில் காகித வௌவால், சலூனில் 'பனி மணப்பெண்' கொண்டை. சாராயக் கடையிலிருந்து எப்போதும் கொரீனைப் பார்த்து "ஏய் சவப்பெட்டி!" என்று கத்துகிற ஆட்கள், அதே கடை வாசலில் பிளாஸ்டிக் எலும்புக்கூடு தொங்கவிட்டார்கள்.

கடைகளை அலங்கரித்த அதே வாரத்தில்தான் இல்லத்தில் அது நடந்தது.

திருமதி ஹெப்பிள் என்று ஒரு அம்மாள். தொண்ணூறை நெருங்கியவர், ஞாபகம் போய்விட்டது. யார் ஊட்டினாலும் வாயை இறுக்கிக்கொள்வார், கொரீன் ஊட்டினால் மட்டும் சாப்பிடுவார். அவருடைய மகள் ஜில்லியன் தெற்கே எங்கோ இருக்கிறாள், எப்போதாவது வருவாள். அன்று அறைக்குள் நுழைந்தவள் கொரீனை முதல்முறையாகப் பார்த்தாள். நேராக மேலாளர் அறைக்குப் போனாள். கதவு திறந்திருந்தது, தேநீர் வண்டியோடு நான் வெளியே நின்றேன்.

"எங்கம்மா சாகக் கிடக்கறாங்க," என்றாள். "அவங்களுக்குச் சோறு ஊட்ட எமனையே அனுப்பிருக்கீங்களே, உங்களுக்கு இரக்கமே இல்லையா?"

அவள் அழுதுகொண்டுதான் சொன்னாள், அதை மறைக்க மாட்டேன். அம்மாவைப் பக்கத்தில் இருந்து பார்க்க முடியாதவளுக்கு யார் மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது. அதைக்கூட என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் எங்கள் மேலாளர் ஃபெலிசிட்டி மார்ச்பேங்க்கை என்னால் மன்னிக்க முடியாது.

ஃபெலிசிட்டி கொரீனைக் கூப்பிட்டாள். குரலில் தேன் வடிந்தது.

"நாங்க எல்லாரும் உங்கள மதிக்கிறோம், கொரீன். ஆனா சுகாதாரம்னு ஒண்ணு இருக்கில்ல? முகத்துல இவ்வளவு பவுடர்..."

"வரவேற்பறைப் பொண்ணு என்னைவிட அதிகமா அப்பியிருக்கா. அவளோடது ஆரஞ்சுக் கலர்ங்கறதால சுகாதாரமா?"

"குடும்பத்துக்காரங்க சங்கடப்படறாங்க."

"நான் ஊட்டினதால யாருக்காவது உடம்பு கெட்டிருக்கா?"

"அது இல்ல விஷயம். கழுவிட்டு வாங்க, இல்லேன்னா கொஞ்ச நாள் கீழே சலவை அறையில இருங்க. யாரும் பாக்க மாட்டாங்க, உங்களுக்கும் நிம்மதி."

கொரீன் கழுவவில்லை. கீழே போனாள். தொழிற்சங்கத்துப் பெண்ணிடம் கேட்டோம். தோற்றம் பற்றி விதி போட நிர்வாகத்துக்கு உரிமை உண்டு என்று கையை விரித்துவிட்டாள்.

திருவிழாத் தொடக்க நாள். கலங்கரை விளக்கத்துக்குக் கீழே மேடை. ஊரே முகத்தில் மாவு பூசிக்கொண்டு நின்றது. மேடையில் பனி மணப்பெண் வேஷத்தில், கன்னமெல்லாம் வெள்ளைப் பவுடரும் கண்ணைச் சுற்றி மையுமாக நின்றவள் யார் என்று நினைக்கிறீர்கள்? ஃபெலிசிட்டி! திருவிழாக் குழுவில் அவளும் இருந்தாள். என் கையிலிருந்த பன்னை அவள் மேல் எறியாமல் இருந்தது நான் செய்த பெரிய தர்மம்.

ஊரின் மிகப் பெரிய ரசிகை என்று கொரீனை ஐந்து நிமிஷம் பேச அழைத்திருந்தார்கள். அவள் சலவை அறைக்குப் போகும் முன்பே அழைத்தது, ரத்து செய்ய யாருக்கும் தோன்றவில்லை. ஏதாவது வேடிக்கையாகச் சொல்லுவாள் என்று எதிர்பார்த்தார்கள். கொரீன் மைக்கைப் பிடித்தாள்.

"இந்தப் படத்த நீங்க யாரும் பாத்ததே இல்லனு நினைக்கிறேன்," என்றாள். "பாத்திருந்தா இந்த வேஷம் போட்டிருக்க மாட்டீங்க. மணப்பெண் வேஷம் உங்களுக்குப் பொருந்தாது. படத்துல நீங்க வர்றீங்க. கையில மின்விசிறியோட வர்றீங்க."

ஒருவர் சிரித்தார். நகைச்சுவை என்று நினைத்தாரோ என்னவோ.

"கேக்கு கொண்டுவர்றது சுலபம். ஒரு வாரம் முழுக்கக் கொண்டுவரலாம். அடுத்த திங்கக்கிழமை நான் இதே மூஞ்சியோட ரொட்டிக் கடைக்கு வருவேன். அப்ப என்ன சொல்வீங்க?"

குழுத் தலைவர் கைதட்டி முடித்துவைக்கப் பார்த்தார். அவள் விடவில்லை.

"குவெயில் ஐயாவுக்கும் ஒண்ணு சொல்லணும். அவரு இங்க வரல, யாராவது போய்ச் சொல்லுங்க. உங்க கடைசிப் படத்துல புகையால ஆன வாலோட பொறந்த அந்தப் பொண்ணுக்கு வைத்தியம் பாத்து, மஞ்சக் கவுன் மாட்டி, கல்யாணத்துல ஆடவிட்டுட்டீங்களே, அது எதுக்கு? அவளுக்கு என்ன வியாதி? முப்பது வருஷமா உங்கள நம்பினேன். நீங்களும் கடைசில மூஞ்சியக் கழுவிட்டு வானுதான் சொல்றீங்க."

மைக் அணைந்தது. தான் அணைத்ததாக யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. பிறகு பேண்டு வாத்தியம் முழங்கியது.

திரும்பி நடக்கும்போது அவள் பாதி வழியில் நின்றாள். "அந்த ஆளத் திட்டிருக்கக் கூடாதோ?" என்று கேட்டாள். ஊரைத் திட்டியதற்கு அவளுக்கு வருத்தமே இல்லை. இயக்குநரைத் திட்டியதுதான் வலித்தது.

மேலே திருமதி ஹெப்பிள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். கறி உருண்டையை மசித்து அனுப்பினேன், திரும்பி வந்தது. பாயசமும் திரும்பி வந்தது. ஃபெலிசிட்டி சமையலறை வழியாகவே சலவை அறைக்கு இறங்கிப் போனாள், நானும் கூடவே இறங்கினேன்.

"சாப்பாட்டு நேரத்துல மட்டும் வந்துட்டுப் போங்க, கொரீன். பின்பக்கம் அழுக்குத் துணி லிஃப்ட் இருக்கில்ல, அதுல வாங்க. பாக்க வர்றவங்க இருக்கற நேரம் வேண்டாம்."

கொரீன் சரி என்றாள்! எனக்கு ரத்தம் கொதித்தது.

"உனக்கு மானம் இல்லையாடி? அழுக்குத் துணியோட துணியா உன்ன மேல அனுப்பறா!"

"அந்தம்மாவுக்குப் பசிக்குது, ஐலீன். என் மானத்துக்கு அவங்க ஏன் பட்டினி கிடக்கணும்?"

கொஞ்ச நாள் அப்படியே போனது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த லிஃப்ட் ரிப்பேர். கொரீன் தட்டோடு முன்கூடம் வழியாக, வந்திருந்த அத்தனை குடும்பங்களுக்கும் நடுவே நடந்து போனாள். நான் பாயசக் கிண்ணத்தோடு பின்னாலேயே போனேன், ஏதாவது நடந்தால் சண்டைக்கு ஆள் வேண்டுமே. அறையில் ஜில்லியன் உட்கார்ந்திருந்தாள். எழுந்து வாயைத் திறப்பதற்குள் திருமதி ஹெப்பிள் கொரீனைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"சுரங்கத்துலேர்ந்து வந்துட்டியா? கண்ணச் சரியாக் கழுவலியே, பாரு, கரி அப்படியே இருக்கு."

சுரங்கத்திலிருந்து ஏறி வருகிற ஆண்கள் எவ்வளவு தேய்த்தாலும் இமையோரத்துக் கரி போகாது. எங்கள் அப்பாவுக்கும் அப்படித்தான் இருந்தது. அந்த அம்மாள் தன் புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொரீன் மறுத்துப் பேசவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கரண்டியை நீட்டினாள், அவர் வாயைத் திறந்தார். ஜில்லியன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

மறுநாள் ஃபெலிசிட்டி சிரித்த முகத்தோடு வந்தாள். "நல்ல செய்தி! ஜில்லியனுக்கு இப்ப ஆட்சேபணை இல்லயாம். நம்ம செய்தி மடல்ல போடலாம்னு பாக்கறேன். சுரங்கத் தொழிலாளியோட கண், பழைய ஞாபகத்தத் தூண்டற சிகிச்சைனு. ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?"

கொரீன் குரலை உயர்த்தி நான் கேட்டது அன்று ஒருநாள்தான்.

"நான் யாரோட புருஷனும் இல்ல. இது சிகிச்சையும் இல்ல. அந்தம்மாவுக்கு அப்படித் தோணுதுன்னா தோணட்டும், அது அவங்க சொத்து. நான் மை போடறது எனக்குப் பிடிச்சதால. அந்தக் காரணம் போதும்னா முன்வாசல் வழியா மேல வர்றேன். போதாதுன்னா துணி துவைக்கிறேன். போட்டோ கிடையாது."

ஃபெலிசிட்டி திரும்பிப் போய்விட்டாள். அடுத்த வாரப் பணிப் பட்டியலில் கொரீனின் பெயர் மேல்மாடிக்கு வந்திருந்தது. மன்னிப்பு என்ற சொல் இன்றுவரை வரவில்லை.

திருமதி ஹெப்பிள் வசந்தம் பிறந்ததும் இறந்தார். கொரீன்தான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஜில்லியன் ஃபோன் செய்து அவளை அடக்கத்துக்கு அழைத்தாள். கொரீன் அந்தப் பேச்சை என்னிடம் சொன்னபோது நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன்.

"கண்டிப்பா வாங்கனு சொன்னா. அப்பறம் ஒரு மாதிரி இழுத்து, அன்னிக்கு மட்டும் கொஞ்சம் சாதாரணமா உடுத்திக்கிட்டு வர முடியுமானு கேட்டா."

"அடக்கத்துக்கா? ஊரே கறுப்புல வர்ற அடக்கத்துக்குக் கறுப்பு வேண்டாம்னா சொன்னா?"

"ஆமா," என்றாள் கொரீன், சிரிப்பை அடக்க முடியாமல். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாவை மேஜையில் ஓங்கி அடித்தேன்.

அவள் வழக்கம்போலவே வந்தாள். தேவாலயத்தில் அன்று கறுப்பு உடுத்தாத ஆள் ஒருவர்கூட இல்லை. பின்னாலிருந்து பார்த்தால் யார் கொரீன், யார் ஃபெலிசிட்டி என்றே தெரியாது. பாட்டு தொடங்கும்போது ஜில்லியன் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள், கொஞ்ச நேரம் பார்த்தாள், தன் பாட்டுப் புத்தகத்தை அவளிடம் நீட்டினாள். அதுதான் மன்னிப்பு என்கிறார்கள் சமையலறையில். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கொரீன் அதை வாங்கிக்கொண்டு, சுதி சேராமல், சத்தமாகப் பாடினாள்.