எங்கள் முறைக்கு அவித்த கச்சான்

எங்கள் வீட்டில் உயர்தரம் வரை படித்தவன் நான் ஒருவன்தான். அதனால் என் அக்கா, ராத்தாவின் மகளைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகும் வேலையும் என் தலையில். அவள் கணவர், என் மச்சான், மீன்பிடிக்கக் கடலுக்குப் போகிறவர். போன மாதம் பிள்ளையை நிறுத்துப் பார்த்த மிட்வைஃப் என்னை ஏசாத குறை.

"இந்த வயசுக்கு நிறை காணாது. பின்னேரத்தில பைக்கட் சாமான் குடுத்தா ராச்சோறு எப்பிடி இறங்கும்? கச்சான், பயறு ஒண்டும் இல்லையா வீட்டில?"

கச்சான் இல்லாமலா! எங்கள் ஊர் குறிஞ்சிப்பிட்டி மணலில், வீட்டு வளவிலேயே பிடுங்கிய நிலக்கடலை சாக்கில் கிடந்தது. உப்புப் போட்டு அவித்துக் கொடுத்தேன். மடியில் கோது குவியக் குவியத் தின்றாள். அன்றைக்குச் சோறும் இறங்கியது.

சிக்கல் வந்தது அவள் ஓதும் குர்ஆன் மத்ரசாவில்தான். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஓத வரும் பிள்ளைகளுக்கு, வீட்டுக்கு ஒரு நாள் முறைவைத்துத் தின்னக் கொடுப்பது எங்கள் ஊர்ப் பழக்கம். இப்போது எல்லா வீடும் கடையில் வாங்கும் நொறுக்குத்தீனிப் பைக்கட்தான். எங்கள் முறை வந்ததும், "நாம கச்சான் குடுப்போம்" என்றேன்.

"ஒனக்குப் பைத்தியமா? ஊட்டுல ஒண்டுமில்லயெண்டு ஊரு கதைக்கும்" என்றாள் ராத்தா.

"மிட்வைஃப் சொன்னத மறந்துட்டியா?"

"மிட்வைஃபா நாளைக்கு எண்ட புள்ளைக்கு மாப்பிள்ள தேடப் போறா?"

பாலர் வகுப்புப் பிள்ளைக்கு மாப்பிள்ளை! தொண்டை வற்றக் கதைத்துத்தான் அவளைச் சம்மதிக்க வைத்தேன்.

சட்டியை நானே சுமந்து போனேன். பிள்ளைகள் முண்டியடித்துத் தின்றார்கள். ஓதிக்கொடுக்கும் ஹஸ்ரத்கூட, "இன்னும் ரெண்டு பிடி போடுங்க தம்பி" என்று கை நீட்டினார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு மாமி வாசலுக்கு வந்தார். கையில் ஒரு பை நிறையப் பைக்கட். என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஒங்கட மச்சானுக்குக் கடல்ல தொழில் சரியில்ல போல. வெக்கப்படாதீங்க மகன். ஒங்கட முறையெண்டே குடுங்க."

"அதில்ல மாமி..." என்று நான் தொடங்கும்போதே பிள்ளைகள் பையைப் பிடுங்கிவிட்டார்கள். எங்கள் பிள்ளைக்கு மட்டும், இரக்கப்பட்டு, மாமி தன் கையாலேயே இரண்டு பைக்கட் கொடுத்தார். அவ்வளவு நல்ல மனுசியிடம் எப்படிக் கோபப்படுவது?

மஃரிப் தொழுகைக்குப் பிறகு சோற்றுக் கோப்பையோடு பிள்ளையின் முன்னால் உட்கார்ந்தேன். அவளுடைய விரலெல்லாம் மசாலாத் தூள். வாயைத் திறக்கவே இல்லை. குசினியில் ராத்தா பாத்திரங்களைப் போட்டு உடைக்கிறாளோ என்று இருந்தது.

"ஒரு வாய் தின்னுங்க, மகள்."

"வயிறு நெறஞ்சிட்டு மாமா." கொஞ்சம் யோசித்தாள். "அடுத்த முறைக்கும் கச்சானே அவிங்க. அப்பத்தானே மாமி ரெண்டு பைக்கட் தருவாங்க."