கேட்டதுக்கு மட்டும் பதில்

இதை எழுதாமல் விடுவம் எண்டுதான் முதல் நினைச்சனான். நான் பதினாறு வயசிலை பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். கடைக்கு என்ன சாமான் முடிஞ்சுது எண்டு எழுதிறதைத் தவிர வேறை எழுத்து வேலை எனக்கில்லை. மற்றது, இந்தக் கதையிலை வாற மொக்கன் நான்தான். வேறை ஆரையாவது நக்கலடிச்சு எழுதிறதெண்டால் கை தானா ஓடும். இது ஓடேல்லை.

லண்டனிலை மிச்சம் எண்ட இடத்திலை ஒரு தமிழ்க் கடையிலை வேலைக்கு நிக்கிறன். என்னோடை நிக்கிறவன் ஊரிலையிருந்து வந்து ஒரு வருசம். அங்கை எஞ்சினியர். மனுசி இஞ்சை ஆஸ்பத்திரியிலை நர்ஸ், அவவின்ரை விசாவிலை வந்தவன். பாலம் கட்டினவன் வெண்டிக்காய் அடுக்கிறான் எண்டு நான் அவனுக்குப் பெரிய ஒஃபிசரைக் கூப்பிடுறமாதிரி ‘சேர்’ எண்டு பேர் வைச்சன். சனத்துக்கு முன்னாலையே, "சேர், உந்த முருங்கைக்காய்ப் பெட்டி பாரம் தாங்குமோ?" எண்டு கேப்பன்.

"நீ ஏறி நிக்காட்டில் தாங்கும்" எண்டுவான்.

அவனுக்கு மாஸ்டர்ஸ் படிக்க ஒரு யூனிவர்சிட்டியிலை இடம் கிடைச்சுது. ஆனால் இங்கிலிஷ் சோதினை எழுதிக் காட்டவேணும். வாசிப்பு, கேட்டல், எழுத்து, பேச்சு எண்டு நாலு பாகம், ஒவ்வொண்டுக்கும் ஒம்பது புள்ளி, ஒண்டிலையும் ஆறுக்குக் கீழை போகக்கூடாது. ஓகஸ்ட் முடியிறதுக்குள்ளை சேர்ட்டிபிக்கற் அவையளின்ரை கையிலை இருக்கவேணும். இல்லாட்டில் இடமில்லை.

எனக்கு அதுவே பெரிய அதிர்ச்சி. அவன் ஊரிலை படிச்சதே இங்கிலிஷிலை. என்ரை இங்கிலிஷ் பஸ்ஸிலை சண்டை பிடிச்சுப் பழகினது, பத்து வருசமா ஒருத்தரும் எனக்கு ஒரு சோதினையும் வைக்கேல்லை. பகிடிக்கு அவன்ரை பயிற்சிப் புத்தகத்தைப் பறிச்சு வாசிப்புப் பாகத்திலை ஒண்டு செய்து பாத்தன். தேனீயைப் பற்றி ரெண்டு பக்கம், பதின்மூண்டு கேள்வி. நாலு சரி. அவன் திருத்தினான். புத்தகத்தை மெல்ல மூடினான், அவ்வளவுதான். அது இன்னும் உறைச்சுது.

மூண்டு பாகத்துக்கும் அவன் பயப்பிடேல்லை. பேச்சுக்குத்தான் பயம். சின்ன அறை, ஒரு மேசை, அங்காலை ஒரு வெள்ளைக்காரர், நடுவிலை ரெக்கோடர். உப்பிடியான இடத்திலை எப்பிடிக் கதைக்கிறது எண்டு என்னைக் கேட்டான்.

அந்த அறை எனக்குத் தெரியும். நாங்கள் வந்த வருசம் அப்பாவின்ரை அகதிக் கேஸ் இன்டர்வியூவும் அப்பிடித்தான், அறை, மேசை, ரெக்கோடர். அதுக்கு முந்தி வீட்டுக்கு வந்த சனமெல்லாம் சொன்னது ஒண்டுதான். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, ஒரு சொல்லும் கூட விடாதை, கூட விட்டால் அதுக்குள்ளாலை அடுத்த கேள்வி வரும். எங்கடை வீட்டிலை அது அப்பிடியே தங்கிட்டுது. இண்டைக்கும் டொக்டர் எங்கை நோகுது எண்டு கேட்டால் அப்பா "கால்" எண்டுவார். எந்தக் கால் எண்டு டொக்டர்தான் திருப்பிக் கேக்கவேணும்.

அதைத்தான் அவனுக்குச் சொன்னன். வேறை எல்லாத்தையும் பகிடியாச் சொல்லுற நான், இதை மட்டும் உண்மையாச் சொன்னன்.

பழக்கமும் குடுத்தன். ஸ்டோர் ரூமிலை அரிசி மூட்டைக்கு மேலை நான் ஒஃபிசர். உன்ரை ஊர் எப்பிடி எண்டு இங்கிலிஷிலை கேட்டன். சின்ன ஊர், கடல் கிட்ட, பின்னேரத்திலை நல்ல காத்து எண்டு துவங்கினான். கையிலை கிடந்த பாவக்காயாலை தலையிலை ஒண்டு போட்டன். "காத்தைப் பற்றி நான் கேட்டனானோ, சேர்?" மூண்டு கிழமையிலை பெடியன் தேறிட்டான். ஓய்வு நேரத்திலை என்ன செய்வாய் எண்டால், கிரிக்கெட். ஏன் பிடிக்கும் எண்டால், நல்ல விளையாட்டு. அதோடை வாய் மூடிடும். எனக்கு அவ்வளவு பெருமை.

சோதினை முடிஞ்சு நேரா கடைக்கு வந்தான். முகமெல்லாம் பல்லு.

"நீ சொன்னமாதிரியே செய்தன், மச்சான். ஒரு சொல்லும் கூட விடேல்லை."

ஒரு அட்டையைக் குடுத்து, நீ மதிக்கிற ஒராளைப் பற்றி ரெண்டு நிமிசம் கதை எண்டிருக்கிறா சோதிக்க இருந்த வெள்ளைக்காரி. இவன், என்ரை அம்மா, ரீச்சரா இருந்தவ, இப்ப பென்ஷன் எடுத்திட்டா எண்டு சொல்லி நிப்பாட்டிட்டான். இன்னும் ஏதும் சொல்ல விருப்பமோ எண்டு கேட்டிருக்கிறா. இல்லை, நன்றி எண்டிருக்கிறான். அவ மணிக்கூட்டைப் பாத்தவவாம். தான் கெதியா முடிச்சது அவவுக்குச் சந்தோசம் எண்டு இவன் நினைச்சவனாம். அதைக் கேட்டும் எனக்கு ஒண்டும் ஓடேல்லை. ரெண்டு பேரும் ரோல்ஸ் வாங்கித் திண்டம்.

முடிவு அவன்ரை போனுக்கு வந்தது. கோதுமை மாப் பெட்டி உடைச்சுக்கொண்டு நிண்டனாங்கள். வாசிப்பு எட்டரை. கேட்டல் எட்டு. எழுத்து ஏழு. பேச்சு அஞ்சு.

போனைப் பறிச்சு மேலையும் கீழையும் உருட்டினன், வேறை ஆற்றையோ முடிவு மாறி வந்திட்டுதோ எண்டு. அவன்ரை பேர்தான். அவன்ரை படந்தான்.

அவன்ரை பையிலை கிடந்த பயிற்சிப் புத்தகத்தை எடுத்துத் தட்டினன். கடைசியிலை, பேச்சுக்கு எப்பிடிப் புள்ளி போடுறது எண்டு ஒரு பக்கம். நிப்பாட்டாமல் கதைக்கவேணும், தானா விரிச்சுச் சொல்லவேணும் எண்டு கிடக்கு. கூடக் கதைக்கிறதுக்குத்தான் புள்ளியே. அந்த வரிகளுக்குக் கீழை பென்சிலாலை கோடு. அவன் கீறின கோடு.

"டேய், இதை வாசிச்சனியோ?"

"ஓம்."

"பிறகேன்ரா நான் சொன்னதைக் கேட்டனி?"

"பத்து வருசமா இஞ்சை இருக்கிறாய். புத்தகத்தை விட உனக்குத் தெரியும் எண்டு நினைச்சன்."

என்னை ஒருத்தரும் வாழ்க்கையிலை அப்பிடி நம்பினதில்லை. மாப் பெட்டியிலை இருந்திட்டன்.

திருப்பிச் செய்யத் திகதி பாத்தம். எல்லாம் செப்டம்பரிலைதான். யூனிவர்சிட்டிக்கு எழுதினான். இந்தமுறை ஏலாது, புதுச் சேர்ட்டிபிக்கற்றோடை வந்தால் தை மாதம் பாக்கலாம் எண்டு பதில். அவன் வகுப்புக்குப் போனால் கடைச் சம்பளம் குறையும் எண்டு மனுசி ஆஸ்பத்திரியிலை கெஞ்சி, காசு கூடின இரவு ஷிப்டுக்கு மாத்தி வைச்சவ. பழையபடி மாத்தச் சொல்லி அவவுக்குப் போன் எடுத்தது எனக்குப் பக்கத்திலை நிண்டுதான். நான் சொன்னதை அவவுக்குச் சொல்லுவான் எண்டு பாத்துக்கொண்டு நிண்டன். சொல்லேல்லை. பேச்சிலை கொஞ்சம் குறைஞ்சிட்டுது எண்டு மட்டும் சொன்னான்.

அடுத்தநாள் வந்தான், வெண்டிக்காய் அடுக்கினான். ஏசேல்லை, முறைக்கேல்லை. ‘சேர்’ எண்டு கூப்பிட வாய் எடுத்தன், வரேல்லை.

வேலை முடிஞ்சு போகேக்கை பஸ்ஸிலை இருந்து அவனுக்கு ஒரு மெசேஜ் எழுதினன். அப்பாவின்ரை இன்டர்வியூ, வீட்டுக்கு வந்த சனம் சொன்னது, பதின்மூண்டிலை நாலு எடுத்தவன் உனக்குப் படிப்பிக்க வந்தது, எல்லாம். என்னை ஏசு, அடி, மனுசியிட்டையும் சொல்லு, ஆனால் சும்மா இராதை எண்டு முடிச்சன். கேட்டதுக்கு மேலை நான் இவ்வளவு சொன்னது அதுதான் முதல்தரம்.

இறங்கிற இடத்துக்குக் கிட்ட வரேக்கை பதில் வந்தது.

"ஞாயிற்றுக்கிழமை வீட்டை வா, நான் நிப்பாட்டாமல் கதைக்கிறன், நீ வாயை மூடிக்கொண்டிரு."