ஹைடெல்பெர்க் கோட்டையில் கையும் களவுமாக அகப்பட்டோம்

ஜெர்மனிக்கு நாங்கள் ஏழெட்டுத் தடவை போயிருக்கிறோம். பார்த்ததெல்லாம் கலியாண மண்டபங்களும் உறவினர் வீட்டு வரவேற்பறைகளும்தான். இந்த வசந்தத்தில் எனக்கும் என் கணவருக்கும் ஒரே சனிக்கிழமை விடுமுறை கிடைத்தது. பாரிஸின் லா ஷப்பலில் நான் புடைவைக் கடையிலும் இவர் உணவகத்திலும் வேலை. சனிக்கிழமை லீவு என்பது லேசான காரியமில்லை.

"இந்த முறை ஒருத்தற்றை வீட்டையும் போறேல்லை. கோட்டை பாக்கப் போறம்," என்றேன்.

ஒரு சிக்கல்தான். ஹைடெல்பெர்க்குக்குப் பக்கத்து நகரமான மன்ஹைமில் இவருடைய சித்தப்பா மகள் சுகந்தி இருக்கிறாள். சொன்னால் விடமாட்டாள், ஆட்டிறைச்சி, கணவாய், பாயாசம் என்று மாலைவரை மேசையில் இருத்திவிடுவாள். சொல்லாமல் போய்ப் பிறகு அறிந்தாலோ, வருடக்கணக்கில் பேசமாட்டாள். வேறொரு குடும்பத்துக்கு அது நடந்தும் இருக்கிறது. பயந்து பயந்து, சொல்லாமலே புறப்பட்டோம்.

வீட்டிலிருந்து ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெரு வழியே கார் து லெஸ்ட் நிலையத்துக்கு இருபது நிமிட நடை. ஏழு மணி ரயில். முன்கூட்டியே பதிந்ததால் ஆளுக்கு நாற்பத்தைந்து யூரோ. மூன்றேகால் மணி நேரத்தில் மன்ஹைம். அங்கே ரயில் மாறும்போது நான் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டேன். இவர் சிரித்தார். அங்கிருந்து ஹைடெல்பெர்க் இருபது கிலோமீட்டர்கூட இல்லை.

பழைய நகரத்திலிருந்து மலைமேல் ஏற, கம்பியால் இழுக்கப்படும் சிறு ரயில் ஒன்று உண்டு. கோட்டை நுழைவுச் சீட்டிலேயே அதுவும் அடக்கம். வெளியே வந்து நிமிர்ந்தால், அப்பாடா! செந்நிறக் கல்லில் பாதி மாளிகை, பாதி இடிபாடு. கூரையில்லாத சுவரின் ஜன்னல்களுக்குள்ளால் நீல வானம். கீழே நெக்கார் ஆறும் பழைய பாலமும். நான் சின்னப் பிள்ளைபோல அங்குமிங்கும் ஓடினேன். நிலவறையில் இரண்டு லட்சம் லிட்டருக்கு மேல் கொள்ளும் வைன் பீப்பாய் இருக்கிறது. அதன் தலையில் ஏறி நிற்கப் படிக்கட்டே கட்டியிருக்கிறார்கள்.

அந்தச் சந்தோசத்தில் இவர் செய்த வேலை: பீப்பாய்க்கு முன்னால் எடுத்த படத்தைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார்.

இரண்டு நிமிடத்தில் தொலைபேசி அடித்தது. சுகந்தி. இவர் போனை என் கையில் திணித்தார்.

"வந்தா சமைச்சுப் போட்டு வீட்டுக்கை இருத்திப்போடுவன் எண்டு பயந்தனீங்களோ, அண்ணி?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஓம்," என்றேன்.

இனி முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அவள் மெதுவாகச் சொன்னாள்: "இருபது வருசமா இஞ்சை இருக்கிறன். உந்தக் கோட்டையைத் தூரத்திலை நிண்டுதான் பாத்தனான். வாற சனமெல்லாம் சாப்பிட்டுட்டுப் போகுதுகள். என்னை ஒருத்தரும் வெளிக்கிடு எண்டு சொன்னதில்லை." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "அங்கையே நில்லுங்கோ. வேலை முடிஞ்சுது, வாறன்."

ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டாள், ஜாக்கெட்டுக்குள் பேக்கரிச் சீருடையோடு. கையில் ஒரு பாத்திரமும் இல்லாத சுகந்தியை அன்றைக்குத்தான் பார்த்தேன். லா ஷப்பலில் வாங்கிய மட்டன் ரோல்ஸைக் கொடுத்தோம். தின்றுகொண்டே அங்கிருந்த ஜெர்மன் பலகையைக் கடகடவென்று வாசித்தாள்.

"அண்ணை, பிரெஞ்சு ஆக்கள்தான் உந்தக் கோட்டையை உடைச்சதாம்! உங்கட பிரெஞ்சு பாஸ்போர்ட்டை ஒளிச்சு வையுங்கோ."

"நான் வரேக்கை உடைஞ்சுதான் கிடந்தது," என்றார் இவர். மூவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

கீழே இறங்கி, சந்தைச் சதுக்கத்தில் இருக்கும் பரிசுத்த ஆவி தேவாலயத்துக்குப் போனோம். உள்ளே போக இலவசம். கோபுரம் ஏறச் சில யூரோ. கத்தோலிக்கருக்கும் புரட்டஸ்தாந்தருக்கும் நடுவே முன்பு உள்ளேயே சுவர் எழுப்பி வைத்திருந்தார்களாம். இப்போது அது இல்லை. வெளிச்சம் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடையில்லாமல் விழுகிறது. கோபுரத்தின் சுருள் படிகள் ஒடுக்கமானவை. இவர் இடையிலே மூச்சிரைத்து நின்றுவிட்டார். சுகந்தி நிற்கவேயில்லை.

நாங்கள் ஏறிச் சேர்ந்தபோது அவள் மேற்குப் பக்கக் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். சமவெளியின் கோடியில் புகைபோக்கிகள் தெரிந்தன. "அதுக்குக் கிட்டத்தான் என்ர வீடு," என்றாள். "இவ்வளவு கிட்டவோ?" அதையே இரண்டு தரம் கேட்டாள்.

போக விரும்புவோருக்கு: கோட்டை முற்றத்தில் உருளைக்கற்கள், தட்டையான சப்பாத்துப் போடுங்கள். மாளிகையின் உட்பகுதியைக் காட்ட வழிகாட்டியோடு தனிச் சீட்டு வேண்டும். மழையென்றால் கோபுரத்தை மூடிவிடக்கூடும், முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பாரிஸிலிருந்து ஒரே நாளில் போய்வரலாம். ஆனால் ஓட்டமாக இருக்கும், ஓர் இரவு தங்குவது நல்லது. அந்தப் பக்கம் உறவினர் இருந்தால், அடுப்பு மூட்ட வேண்டாம், கோட்டை வாசலில் சந்திப்போம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். நேற்றுச் சுகந்தி படம் அனுப்பியிருந்தாள். லண்டனிலிருந்து வந்த விருந்தாளிகள் ஆறு பேர், பீப்பாய்க்கு முன்னால், பசித்த முகங்களோடு.